முதல் அழியாத தர்மம்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



மனிதன் மரணித்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயனளிக்கும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றின் நன்மை மட்டுமே அவனைத் தொடர்ந்து வந்தடையும் என்பது நபிமொழியின் கருத்தாகும். இவற்றுள் முதல் இரண்டையும் ஒரே கொடையில் அடைய ஒரு வழி உண்டு.

சேர்வராயன் மலையை எண்ணிப் பாருங்கள். ஏற்காட்டின் காப்பிச் செடிகள் உயர்ந்த மரங்களின் நிழலில் வளர்கின்றன. அம்மரங்களின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. உதிரும் சருகுகள் மழைநீரை நிலத்துக்குள் இறக்குகின்றன. இம்மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. மேலே மரம் அழிந்தால் கீழே ஊற்று வற்றும். அந்த நஷ்டம் முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்று பார்த்து வருவதில்லை.

எந்த மரத்தை எவ்வளவு கழிக்கலாம், மழை பொய்த்த ஆண்டில் காப்பியையும் மிளகையும் எப்படிக் காக்கலாம் என்பவற்றை ஊகத்தால் அறிய முடியாது. பல ஆண்டுகள் அளந்து பார்த்தே அறிய வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. சேலத்தில் 1997-இல் தொடங்கப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் மண்ணையும் நீரையும் ஆராயும் வசதியற்ற மாணவருக்கு நம் தர்மம் துணை நிற்கலாமே!

இதற்கு முன்மாதிரி உண்டா? உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் அது திறக்கப்பட்டது. அவர் 1957-இல் மறைந்தார். மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்கள் குறித்த ஆய்வு அங்கே இன்றும் நடைபெறுகிறது. நம் முன்னோரும் சளைத்தவர்களல்லர். ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் 1951-இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்தது.

அன்பர்களே! உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் சிறந்த நிலம் ஒன்று கிடைத்தது. அதை என்ன செய்வது என நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை நபியவர்கள் காட்டினார்கள். அன்றுமுதல் அந்நிலம் விற்கப்படாமலும் வாரிசுரிமையாகப் பங்கிடப்படாமலும் தர்மமாக நின்றது. முதலை அழிக்காமல் பலனை மட்டும் உண்ணுதல் என்பதே வக்ஃபின் உயிர். மலையையும் ஆற்றையும் நாம் நடத்த வேண்டிய முறையும் அதுவே அல்லவா?

ஆயினும் மார்க்க வரம்புகளைப் பேணுதல் அவசியம். முதலில் கடன் அடைக்கப்பட வேண்டும். வஸிய்யத் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. ஸஅத் (ரலி) அவர்கள் அதிகம் கொடுக்க விரும்பியபோது, மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்றும் நபியவர்கள் உணர்த்தினார்கள். ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர். அதை ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பிவிட வேண்டாம். வங்கியில் பணம் போட்டு, அதன் வட்டியில் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடும் நமக்கு ஆகாது. ஒரு கடையின் வாடகையையோ, ஒரு தோட்டத்தின் விளைச்சலையோ அதற்கென ஒதுக்குங்கள். ஆலிமையும் வழக்கறிஞரையும் கலந்து, சாட்சிகளோடு எழுதி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி விட்டுச் சென்றால், பிள்ளைகளிடையே பிணக்கே மிஞ்சும்.

இன்றிரவு வீட்டாரோடு அமர்ந்து இதைப் பேசுங்கள். நாம் கப்றில் இருக்கும்போது, நம் கொடையால் கற்ற ஒருவரின் அறிவினால் ஓர் ஊற்று வற்றாமல் நின்றால், அதில் தாகம் தீர்க்கும் மனிதருக்கும் பறவைக்கும் ஈடாக நமக்கும் கூலி எழுதப்படும் என்று ஆதரவு வைப்போமாக!

வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் நிய்யத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.