தாலின் நகரில் தங்கியோர்

பால்டிக் கடலின் ஒரு கிளையாகிய பின்லாந்துக் குடாவின் தென்கரையிலே எஸ்தோனியாவின் தலைநகராகிய தாலின் அமைந்துள்ளது. முன்னாளில் இதற்கு ரேவால் என்பது பெயர். 1219ஆம் ஆண்டில் தென்மார்க்கு மன்னன் இரண்டாம் வால்டெமார் இவ்விடத்தைக் கைப்பற்றினான். பின்னர் ஜேர்மானிய வீரத்துறவியரும், சுவீடன் மன்னரும், ரஷ்யச் சக்கரவர்த்திகளும் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். ஆண்டோர் கதை வரலாற்று நூல்களில் நிரம்ப உண்டு. வந்து தங்கிச் சென்றோர் கதையோ அதனினும் சுவை மிக்கது.

ஹோல்ஸ்டைன் கோமகன் மூன்றாம் பிரெடரிக், பாரசீகப் பட்டு வாணிகத்தைத் தன் நாட்டுக்குத் திருப்ப எண்ணி, ஒரு தூதுக்குழுவை அனுப்பினான். 1635ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் புறப்பட்ட அக்குழுவின் கப்பல் பின்லாந்துக் குடாவிலுள்ள ஹோக்லாந்து என்னுந் தீவருகே உடைந்தது. உயிர் தப்பியோர் ரேவாலை அடைந்து, அக்குளிர்காலத்தை அங்கேயே கழித்தனர். அவருள் ஒருவர் குழுவின் செயலாளராகிய ஆடம் ஒலியாரியஸ். குழுவைச் சேர்ந்த பவுல் பிளெமிங் என்னும் இளங்கவிஞரும் அப்போது ரேவாலில் இருந்தார். குழுவைச் சேர்ந்த மண்டெல்சுலோ என்பவர் பின்பு பாரசீகத்தினின்றும் பிரிந்து சூரத்து வரை வந்தார் என்பது இப்பகுதியார் அறியத்தக்கது.

பிளெமிங் ரேவால் வணிகர் ஒருவரின் மகளாகிய எல்சபே நீகூசன் மீது காதல் கொண்டார். 1636ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குழு பயணத்தைத் தொடர்ந்தது. மாஸ்கோ, வொல்கா ஆறு, காஸ்பியன் கடல், இஸ்பஹான் என வழி நீண்டது. போன காரியமோ கைகூடவில்லை. 1639இல் மீண்ட கவிஞருக்கு எல்சபே இல்லை. அவள் பிறனொருவனை மணந்துவிட்டாள். அவள் தங்கை அன்னாவுக்கும் பிளெமிங்குக்கும் அவ்வாண்டே மணம் நிச்சயமாயிற்று. ரேவாலில் மருத்துவராக அமர விரும்பிய அவர், ஒல்லாந்திலுள்ள லெய்டன் பல்கலைக்கழகஞ் சென்று 1640ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பட்டம் பெற்றார். திரும்பும் வழியில் ஹம்பேர்க்கில் நோயுற்று, ஏப்ரல் மாதத்தில் இறந்தார். வயது முப்பதே. பாரசீகம் வரை சென்று மீண்டவருக்கு ஹம்பேர்க்கைக் கடக்க இயலவில்லை. ஒலியாரியஸ் அந்நாட்டுப் பெண்ணையே மணந்து ஊர் திரும்பித் தம் பயண நூலை 1647இல் வெளியிட்டார்.

வந்து, போகமுடியாமற் கிடந்தவரும் ஒருவர் உளர். ரஷ்யப் படைக்குத் தலைமை தாங்கி, 1700இல் நார்வாப் போரில் சுவீடன் மன்னனிடம் சரணடைந்த குரோய்க் கோமகனே அவர். ரேவாலிற் சிறைக்காவலில் இருந்தபோதும் அவர் ஆடம்பரத்தை விட்டாரல்லர், ஊரெங்கும் கடன்பட்டார். 1702இல் அவர் இறந்ததும், கடன் தீரும்வரை அடக்கஞ் செய்தலாகாது எனக் கடன் கொடுத்தோர் தடுத்தனர். புனித நிக்கலஸ் ஆலயத்தில் வைக்கப்பட்ட உடல் அழுகாது உலர்ந்துபோயிற்று. 1819இல் அது கண்டெடுக்கப்பட்டுக் காட்சிப்பொருளாயிற்று. வந்தவரெல்லாம் அதனைப் பார்த்தனர். பார்ப்போரிடம் ஆலயத்தார் காசும் பெற்றனர். கடனாளியின் உடல் ஈட்டிய பணம் கடன்காரர் எவரையுஞ் சென்றடைந்திராது! 1897இல், ஏறக்குறைய இரு நூற்றாண்டு கழிந்தபின்னரே அவருக்கு மண் கிடைத்தது.

அவ்வுடல் காட்சிக்கிருந்த காலத்தில், 1838இல், ஆங்கிலப் பெண்மணியாகிய எலிசபெத் றிக்பி, அந்நாட்டில் மணம்புரிந்து வாழ்ந்த உடன்பிறந்தாளைக் காணும்பொருட்டு, பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து பனிவழியே வந்தார். அவர் எழுதிய கடிதங்கள் 1841இல் நூலாகி இங்கிலாந்தினர்க்கு அந்நகரை அறிமுகஞ் செய்தன. ஆலயமோ 1944 மார்ச் 9ஆந் திகதிக் குண்டுவீச்சில் எரிந்தது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு அரும்பொருட்சாலையாயிற்று.

சோவியத் ஆட்சியில் வெளிநாட்டார் வருகை ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. 1965இல் ஹெல்சிங்கியிலிருந்து கப்பற் போக்குவரத்து மீண்டது. 1972இல் வீரூ என்னும் விடுதி, பின்லாந்தினர் கட்டிக்கொடுக்க, எழுந்தது. பயணிகள் உண்டனர், ஆடினர், உறங்கினர். மின்தூக்கியில் 22 மாடிகளுக்கே பொத்தான்கள் இருந்தன. 23ஆம் மாடியிலிருந்து கே.ஜி.பி. உளவுத்துறையினர் அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டனர். 1991இல் எஸ்தோனியா விடுதலை மீட்டபோது அவர்கள் கருவிகளை விட்டு அகன்றனர். அம்மாடி இன்று காட்சிக்கூடம். சீட்டு வாங்கிய எவரும் ஏறிப் பார்க்கலாம்.