போடி ஏலக்காய்க் கடைக்கு எந்த கார்டு?

போடியில ஒரு ஏலக்காய்க் கடைன்னு வைச்சுக்குவோம். பிஎஸ்என்எல் லைன் 2, பழைய போன் 4. எல்லாத்தையும் ஒரு ரவுட்டர்ல இணைக்கணும். எந்த கார்டு வாங்குறது?

எஃப்எக்ஸ்எஸ் கார்டு போனுக்கு. டயல் டோன், மணியடிக்கிற மின்சாரம் எல்லாம் அதுவே கொடுக்கும். எஃப்எக்ஸ்ஓ கார்டு எக்ஸ்சேஞ்ச் லைனுக்கு. அது கொடுக்காது, வாங்கிக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு அதுவும் ஒரு போன்தான். ஆக, எஃப்எக்ஸ்ஓ 2 போர்ட், எஃப்எக்ஸ்எஸ் 4 போர்ட். சாக்கெட் ஒரே மாதிரி இருக்கும், மாத்திச் சொருகிடாதீங்க. லைனை எஃப்எக்ஸ்எஸ்ல சொருகினா கார்டே போகலாம்.

குரலை டேட்டாவா மாத்துற டிஎஸ்பி சிப் ரவுட்டர்ல இருக்கான்னு முதல்லயே பாருங்க.

அடுத்தது, பலர் கோட்டை விடுற இடம். எதிர்முனையில போனை வைச்சது எஃப்எக்ஸ்ஓவுக்குத் தானாத் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் துருவத்தை மாத்திக் காட்டுதா, வெறும் டோன் தருதான்னு கேட்டு, அதுக்கேத்த மாதிரி ரவுட்டரை அமைக்கணும். இல்லேன்னா ஏலம் நடக்குற அன்னைக்கு லைன் பிஸியாவே நிக்கும். விலை கேக்குறவர் வேற கடைக்குப் போயிடுவார்.

கடைசியா ஒண்ணு. கரண்ட் போனா ரவுட்டரும் படுத்துடும். அவசரத்துக்கு ஒரு லைனை நேரடியா போன்லயே விட்டு வைங்க.