ஆடியிலேயே வரும் புத்தாண்டு

மதுரை மாசி வீதிகளில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். மேலே முருகனோ மீனாட்சியோ. கீழே கடையின் பெயர். கிழிக்கும் தாளில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். பெரும்பாலும் அது சிவகாசியில் அச்சானதாகத்தான் இருக்கும்.

தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களால் அச்சுத் தொழில் வளர்ந்த ஊர் அது. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். முகவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஜவுளிக்கடை, நகைக்கடை என்று ஏறி இறங்குவார்கள்.

சிக்கல் எங்கே? இடையில் காகித விலை ஏறினால், ஆடியில் பேசிய விலை மார்கழியில் கட்டுப்படியாகாது. போதாததற்கு, 2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது: அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள் இனி காலண்டர், டைரி அச்சடிக்கக் கூடாது, எல்லாம் டிஜிட்டலில்தான். தேதி பார்க்கவும் குறிப்பு எழுதவும் செல்போனும் வந்துவிட்டது.

அச்சகங்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஆஃப்செட் இயந்திரத்தில் இனிப்புக்கும் மசாலாவுக்கும் அட்டைப்பெட்டி அச்சாகிறது.

காலண்டர் வேலை சில மாதங்களுக்குத்தான்; பெட்டிக்கோ ஆண்டு முழுவதும் ஆர்டர் உண்டு.