ஃப்ரிட்ஜில் ஐஸ் விழவில்லையா? ஆளைக் கூப்பிடும் முன் கொஞ்சம் பாருங்க

(உலக நுகர்வோர் உரிமைகள் நாளையொட்டி நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மார்ச் 15 வந்தால் கலப்படம், எடைக் குறைவு, ஹால்மார்க் முத்திரை என்று பேசுவது வழக்கம். அவையெல்லாம் அவசியம்தான். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது உங்க வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற ஐஸ் மேக்கர். "இது ஒரு பெரிய விஷயமா?" என்று தோணலாம். வெயில் ஏறுகிற இந்த மாதங்களில்தான் அது நிற்கும், சர்வீஸ் ஆட்களும் இதே மாதங்களில்தான் கிடைக்க மாட்டார்கள். வருகிறவர் "போர்டு போச்சு", "கேஸ் போச்சு" என்று ஒரு தொகையைச் சொன்னால், அது சரியா தப்பா என்று கேட்கிற அளவுக்காவது நமக்கு விவரம் தெரிஞ்சிருக்கணும். நான் இன்ஜினியர் இல்லை, எழுதுகிற வேலை பார்க்கிற ஆள். அதனால் ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படாத விஷயங்களை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்யுது என்று பார்த்துடலாம். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் மின்சாரத்தில் திறந்து மூடுகிற ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது சில நொடிகள் திறக்கும், தண்ணீர் குழாய் வழியாக ஃப்ரீசருக்குள் இருக்கும் அச்சில் விழும். உறைந்துவிட்டது என்று சென்சார் உணர்ந்ததும் அச்சு முறுக்கிக்கொண்டோ லேசாகச் சூடாகியோ கட்டிகளைக் கீழே தள்ளும். கீழே உள்ள பெட்டி நிறைந்தால் ஒரு கம்பியோ ஒளி சென்சாரோ "போதும்" என்று நிறுத்திவிடும். ஆக, ஐஸ் வர தண்ணீர் வேணும், குளிர் வேணும், பெட்டியில் இடம் வேணும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் ஐஸ் நிற்கும்.

இடம் என்பதைச் சீக்கிரம் முடிச்சுடலாம். அந்தக் கம்பி மேலே தூக்கியிருந்தால் ஐஸ் மேக்கர் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். ஃப்ரீசரில் மீன் பொட்டலத்தைத் திணிக்கும்போது கை பட்டு அது மேலே போயிருக்கும். கம்பி இல்லாத மாடல்களில் கதவுத் திரையில் ஐஸ் ஆஃப் என்று விளக்கு எரிகிறதா என்று பாருங்க. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்கணும். நீண்ட நேரம் கரன்ட் போய் வந்த பிறகு நின்றிருந்தால், பெட்டியில் இருந்த கட்டிகள் உருகி மறுபடி ஒரே பாறையாக உறைந்திருக்கும். பெட்டியை வெளியே எடுத்துக் கொட்டிக் கழுவித் துடைத்து வைத்தால் போதும்.

தண்ணீர்தான் நம்ம ஊரில் பெரிய சங்கதி. இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் தெருக்குழாயிலேயே நல்ல அழுத்தத்தோடு தண்ணீர் வருகிற நாடுகளை மனசில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. குழாய் இணைப்பு தேவைப்படும் பல மாடல்களின் கையேட்டில் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். நம்ம வீட்டில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ. கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, 20 வேணும் என்றால் தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருக்கணும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் நாலைந்து மீட்டர்தான் தேறும். அடுக்குமாடியில் மேல்தளத்துக்காரர்களுக்கு அதுவும் இல்லை. விற்கிற இடத்தில் இதை யாரும் சொல்வதில்லை என்பது என் வருத்தம். நானூறு லிட்டர், ஐந்நூறு லிட்டர் என்று கொள்ளளவைச் சொல்கிறவர்கள், "உங்க வீட்டில் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேட்டால் எத்தனை பேருடைய பணம் மிச்சமாகும்!

அழுத்தம் குறைந்தால் அது ஐஸ்லயே தெரியும். கட்டிகள் சின்னதாக, நடுவில் குழியாக, ஓடு மாதிரி விழும். சில வால்வுகள் சரியாக மூடிக்கொள்ளவும் அழுத்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, குழாயின் நுனியிலேயே தண்ணீர் உறைந்து அடைத்துவிடும். அப்படி அடைத்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றி, கதவைச் சில மணி நேரம் திறந்து வையுங்க. தானாக விடும். ஆனால் அழுத்தத்தைச் சரிசெய்யாமல் விட்டால் மறுபடி அடைக்கும். பிளம்பரிடம் கேட்டு ஒரு சிறிய பிரஷர் பம்ப் வைப்பதுதான் வழி. ஆர்.ஓ. சுத்திகரிப்பானிலிருந்து இணைத்திருந்தாலும் இதே கதைதான். சுவரில் மாட்டுகிற ஆர்.ஓ.வின் தொட்டியில் பெரும்பாலும் அழுத்தமே கிடையாது.

அடுத்தது உப்பு. போர் தண்ணீர் நேராகப் போனால் வால்வின் வாயில் உள்ள சல்லடையில் உப்பும் மண்ணும் படியும். ஃப்ரிட்ஜுக்கு உள்ளே ஒரு ஃபில்டர் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லிக் கையேட்டில் பொதுவாகப் போட்டிருக்கும். அடைத்த ஃபில்டரைப் போர்டு கோளாறு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

குளிர் விஷயத்தில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கணும். தெர்மாமீட்டர் இல்லையா, உள்ளே இருக்கிற ஐஸ்கிரீமை அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தால் ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் குளிருது. அப்போ "கேஸ் போச்சு, ரொப்பணும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. கேஸ் ஒரு மூடிய குழாய்க்குள் சுற்றி வருகிறது, ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது கசிந்தால் ஃப்ரிட்ஜ் முழுக்கக் குளிர் குறையும், ஐஸ் மேக்கர் மட்டும் நிற்காது. உண்மையிலேயே கசிந்திருந்தால் எங்கே கசிவு என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டுத்தான் கேஸ் ஏற்றணும். "எங்கே கசியுது, காட்டுங்க" என்று கேளுங்க.

சாதாரண ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஐஸ் மேக்கர் கிடையாது, தட்டுதான். அவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லணும், இந்தக் கூட்டத்தில் வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. ஃப்ரீசரில் பனி படிந்து தட்டு ஒட்டிக்கொண்டால் கத்தியால் குத்தாதீங்க. அந்தச் சுவருக்குள்தான் கேஸ் குழாய் ஓடுகிறது. இன்றைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ என்கிற ஐசோபியூட்டேன். சமையல் கேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, தீப்பிடிக்கும். பின்பக்கத் தகட்டில் எந்த கேஸ் என்று அச்சடித்திருக்கும், போய்ப் பாருங்க. குத்தும்போது உஸ் என்று சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வாங்க. பனி நீக்க நடுவில் ஒரு பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி அதை அமுக்கிவிட்டுப் படுத்தால் காலையில் வேலை முடிஞ்சிருக்கும்.

நம்ம ஊருக்கும் ஐஸுக்கும் உள்ள உறவு பழசு. சென்னை மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் என்று சொல்கிறோமே, இப்போ விவேகானந்தர் இல்லம், அது 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களைச் சேர்த்துவைக்கக் கட்டிய கட்டடம். அன்றைக்கு அது வசதியானவர்களுக்கான சரக்கு. இன்றைக்கு அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பெரியம்மா அவர்களில் ஒருவர்.

வீட்டுத் திண்ணையில் நன்னாரி சர்பத்தும் எலுமிச்சை ஜூஸும் விற்கிறார். அதற்காகவே தவணையில் ஐஸ் மேக்கர் வைத்த ஃப்ரிட்ஜ் வாங்கினார். ஏழாம் மாதம் ஐஸ் நின்றது. நிறுவனத்திலிருந்து வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சும்மா, ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும். உங்க தண்ணி உப்பு, அதனால வாரன்டியில வராது" என்றார். பெரியம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆனால், "தம்பி, இப்ப வாயால சொன்னதைத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பா" என்றார். அவர் தயங்கித் தயங்கி எழுதியது, "ஐஸ் மேக்கர் இயங்கவில்லை, போர்டைச் சோதிக்க வேண்டும்" என்று. போனதாக எழுதவில்லை, உப்பு என்றும் எழுதவில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு 1915க்குப் பேசினோம். இரண்டு வாரத்தில் வேறொருவர் வந்தார். வால்வைக் கழற்றிச் சல்லடையைக் கழுவி மாட்டினார், ஐஸ் விழுந்தது. போர்டுக்கு ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வாரமும் வெளியே ஐஸ் வாங்கியே பெரியம்மாவுக்கு லாபம் போய்விட்டது, அதை யாரும் திருப்பித் தரவில்லை.

1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் அது உத்தரவு போடுகிற இடம் இல்லை, சமரசத்துக்கான வழி. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. பொருளுக்கு நீங்க கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்யணும்.

"வியாபாரத்துக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்ல" என்று சிலர் மடக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு அந்த ஒரு விளக்கம் பெரிய துணை. பில் தராமல் இருப்பதும் இதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். "பில் வேணாம்னா விலை குறைச்சுத் தர்றேன்" என்பவரிடம் வாங்கிவிட்டால், பிறகு எந்தத் தேதியில் வாங்கினீங்க என்று காட்ட உங்க கையில் ஒன்றும் இருக்காது.

வாரன்டி அட்டையைப் படிக்கும்போது "10 வருடம்" என்கிற பெரிய எழுத்தோடு நிற்காதீங்க. பல நிறுவனங்களில் அது கம்ப்ரசருக்கு மட்டும். முழு ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வருடம்தான். கூலியும் கேஸும் அதில் சேருமா என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

இப்போ பல கடைகளில் தருவது தெர்மல் தாள் பில். கொஞ்ச நாளில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வீட்டுக்குப் போனதும் அதைப் போட்டோ எடுத்து, ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தகட்டையும் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்க.