மின்வேலிக் கருவியில் டிரான்சிஸ்டரைக் காக்கும் முறைகள்



நீலகிரியில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு பயிரிடுவோருக்குப் பூச்சியும் நோயும் மட்டும் கவலையல்ல. இரவில் காட்டுப்பன்றி, கடமான், காட்டெருமை ஆகியவையும், கூடலூர்ப் பக்கம் யானையும் நிலத்தில் இறங்கிவிடுகின்றன. இதற்காகப் பலர் சூரிய மின்வேலி அமைத்துள்ளனர். கம்பியும் கம்பமும் நல்ல நிலையில் இருக்கும்போதே கருவி மட்டும் திடீரென்று நின்றுவிடுவதுண்டு. பிரித்துப் பார்த்தால், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு டிரான்சிஸ்டர் எரிந்திருக்கும். இதைத் தடுக்கும் வழிகளை இங்கே காண்போம்.

கருவி எவ்வாறு இயங்குகிறது?

பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரத்தை டிரான்சிஸ்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டு ஒரு சிறு மின்மாற்றிக்கு அனுப்புகிறது. இதனால் சில நூறு வோல்ட் உண்டாகி மின்தேக்கியில் சேருகிறது. ஏறக்குறைய நொடிக்கொரு முறை அது திறந்துவிடப்பட்டு, சில ஆயிரம் வோல்ட் துடிப்பாகக் கம்பியில் ஓடுகிறது. தரமான கருவியில் இத்துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரங்கூட நீடிப்பதில்லை. ஆகவே விலங்கு அதிர்ந்து விலகும். உயிருக்கு ஊறு நேராது.

முதல் எதிரி: சுருளின் உதைப்பு

தெளிப்பு நீர்க்குழாயின் வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் அதிர்வதைக் கண்டிருப்பீர்கள். ஓடும் நீர் உடனே நிற்க மறுப்பதே காரணம். கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். டிரான்சிஸ்டர் அதை நிறுத்தும் கணத்தில், 12 வோல்ட் சுருளிலிருந்து பல மடங்கு அதிக வோல்ட் கிளம்பி டிரான்சிஸ்டரைத் தாக்கும். சான்றாக, ஐ.ஆர்.எப்.இசட். 44 என் என்னும் வகை தாங்குவது 55 வோல்ட் மட்டுமே. எனவே மின்மாற்றிக்கு அருகில் ஒரு மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த இணைப்போ, ஜீனர் டையோடோ வைத்து உதைப்பை அடக்குகிறார்கள். தானியங்கிச் சொட்டு நீர் வால்வின் சுருளுக்கு 1என்4007 போன்ற ஒரு சாதாரண டையோடு போதும். அதன் கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் இருத்தல் வேண்டும். மாற்றிப் பொருத்தினால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். பழுது பார்ப்பவர் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றித் தந்தால், "காப்பு உறுப்புகளையும் சோதித்தீர்களா?" என்று தவறாமல் கேளுங்கள். அவை கெட்டிருந்தால் புது டிரான்சிஸ்டரும் நிலைக்காது.

இரண்டாம் எதிரி: சோலார் பேனல்

12 வோல்ட் பேனல் என்று சொன்னாலும், பேட்டரி இணைப்பு இல்லாதபோது வெயிலில் அது 21 வோல்ட் வரை தரும். மேற்சொன்ன வகையின் கட்டுப்பாட்டு முனை தாங்கும் எல்லையோ 20 வோல்ட். பேட்டரி முனையில் பூஞ்சணம் போல் உப்புப் படிந்து இணைப்பு தளர்ந்தால், இந்த மிகை வோல்ட் கருவிக்குள் செல்லக்கூடும். ஆகவே மாதம் ஒரு முறை முனைகளைச் சுத்தம் செய்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. இந்த வரிசையை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

மூன்றாம் எதிரி: இடி, மின்னல்

சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நம் மலையில் இடி அதிகம். நீண்ட வேலிக்கம்பி மின்னலின் வீச்சை வாங்கிக் கருவிக்குக் கொண்டுவரும். வேலிக்கும் கருவிக்கும் இடையே மின்னல் தாங்கி ஒன்றைப் பொருத்தி, அதற்குத் தனி நில இணைப்புக் கொடுங்கள். கருவியின் நில இணைப்புக் கம்பி வீட்டு மின்சார நில இணைப்பிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருத்தல் வேண்டும். பனிக்காலத்தில் மண் காய்ந்துவிட்டால் அவ்விடத்தில் நீர் ஊற்றி ஈரம் காக்கவும். வானம் கறுக்கும்போதே, இடி தொடங்குமுன், வேலிக் கம்பியைக் கருவியிலிருந்து பிரித்துவிடலாம். இடி முழங்கத் தொடங்கியபின் வேலியருகே செல்லவே கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை

கருவி பழுதான இரவில், விளைந்த பயிரைக் காக்கும் அவசரத்தில் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கத் தோன்றலாம். கண்டிப்பாகச் செய்யாதீர்கள். துடிப்பாக அன்றி இடைவிடாது ஓடும் 230 வோல்ட், தொட்டவரை விடாமல் பிடித்துக் கொல்லும். யானையும் மடியும், விடியற்காலையில் கொழுந்து பறிக்க வரும் பெண்ணும், பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் மடியக்கூடும். அது கடுங்குற்றமும் ஆகும். தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. வேலி அமைக்குமுன் வனத்துறையினரை அணுகி விவரம் அறிந்து கொள்ளுங்கள்.

சில ரூபாய் டையோடும், மாதம் அரைமணி நேரக் கவனிப்பும் கருவியைக் காக்கும். கருவி நின்றுபோகாத வேலியில் ஆபத்தான குறுக்கு வழிக்கு இடமே இல்லை. ஆகவே அடுத்த இடிமழைக்கு முன் உங்கள் கருவியை ஒரு முறை சோதித்துக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.