டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பற்றியும் லிஃப்ட் பராமரிப்பு பற்றியும் பேசினோம். இந்த முறை நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்களைப் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார். கார் பற்றிப் பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு, அறுந்தால் இன்ஜினையே கெடுத்துவிடக்கூடிய ஒரு ரப்பர் பட்டை. அதன் பெயர் டைமிங் பெல்ட்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 'கீச்' என்று சத்தம் போடுவது பெரும்பாலும் டைமிங் பெல்ட் அல்ல. பானெட்டைத் திறந்தால் பக்கவாட்டில் வெளியே தெரிகிறதே, அந்த பெல்ட். நாம் வழக்கமாக ஃபேன் பெல்ட் என்று சொல்வது. அது ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் ஓட்டும். அது அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, சில வண்டிகளில் இன்ஜின் சூடேறும். தொல்லைதான், ஆனால் கவனித்து உடனே நிறுத்தினால் இன்ஜினுக்குப் பெரிய சேதம் இல்லை. டைமிங் பெல்ட் அப்படியல்ல. அது ஒரு மூடிக்குள் இருக்கிறது. மூடியைக் கழற்றாமல் பார்க்க முடியாது.

அதன் வேலை என்ன? நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உடையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. மிதியை மிதித்தால் பாவு மேலும் கீழுமாக விரிகிறது. விரிந்த அந்த நேரத்தில் நாடா குறுக்கே ஓட வேண்டும். மூடும் நேரத்தில் நாடா வந்தால் என்ன ஆகும்? பாவு இழைகள் அறுந்துபோகும். தறியில் யாரும் கெட்ட எண்ணத்தோடு இழையை அறுப்பதில்லை. நேரம் தவறினால் போதும், அறுந்துவிடும்.

இன்ஜினிலும் இதே கதைதான். கீழே கிராங்க் ஷாஃப்ட், அதனோடு சேர்ந்து பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வருகின்றன. மேலே கேம் ஷாஃப்ட், அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல் கூடத் தவறக்கூடாது. இந்த இரண்டையும் கட்டிப்போட்டு வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட். அது அறுந்தால் கேம் அப்படியே நின்றுவிடும். திறந்த வால்வு திறந்தபடி நிற்கும். வண்டி ஓடும் வேகத்தில் பிஸ்டன் மேலே வந்து அந்த வால்வில் மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். எல்லா இன்ஜினும் இப்படி மோதாது. மோதாத அமைப்புள்ள இன்ஜின்களும் உண்டு. ஆனால் டீசல் இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. அதனால் அங்கே மோதல் கிட்டத்தட்ட நிச்சயம்.

பல் வைத்த இந்த மாதிரி பெல்ட் முதலில் காருக்காக வந்ததல்ல. 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காக உருவாக்கினார்கள். ஊசியும் கீழே உள்ள பாபினும் நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்பதற்காக. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி தன் 1004 காரில் இதைப் பொருத்தியது. விற்பனைக்கு வந்த கார்களில் அதுதான் முதல். சங்கிலியை விடச் சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு, எண்ணெய் போடத் தேவையில்லை. அதனால் உலகம் முழுக்கப் பரவியது. ஒரே குறை, ரப்பருக்கு ஆயுள் உண்டு. நான் வேலை பார்த்த பஸ் இன்ஜின்களில் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே டைமிங்குக்கு இரும்புப் பல்சக்கரம்தான்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். முடிவெடுக்க நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: என் காரில் இருப்பது பெல்ட்டா, செயினா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் செலவும் செய்யாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். மாருதி 800, ஆம்னி, ஆல்டோ 800 ஆகியவை பெல்ட். ஆல்டோ கே10, கே சீரிஸ் இன்ஜின் வந்த ஸ்விஃப்ட் ஆகியவை செயின். ஸ்விஃப்ட் 1.3 டீசலும் செயின். டாடா இண்டிகா 1.4 டீசல் பெல்ட். ஃபோக்ஸ்வாகன் போலோ, ஸ்கோடா ரேபிட் 1.5 டீசல் பெல்ட். டொயோட்டா இன்னோவா பழைய 2.5 டீசல் பெல்ட்; கிரிஸ்டா 2.4 டீசல் செயின். நம் தமிழ்நாட்டிலேயே தயாரான கார்களை எடுத்துக்கொண்டால், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சாண்ட்ரோ பெல்ட். 2012-இல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ டஸ்டர் 1.5 டீசல் பெல்ட். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ, ஈகோஸ்போர்ட் டீசல்களும் பெல்ட்தான். ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோலில் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது. அதில் கம்பெனி சொன்ன தர எண்ணெயைத் தவிர வேறு ஊற்றினால் பெல்ட்டே கெட்டுப்போகும்.

ஒரே பெயருள்ள காரில் ஒரு இன்ஜினுக்கு பெல்ட்டும் இன்னொன்றுக்கு செயினும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால் "பக்கத்து வீட்டு கார் மாதிரிதானே" என்று முடிவு செய்யாதீர்கள். செயின் என்றால் கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றத் தேவையில்லை. ஆனால் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினும் நீண்டு தளர்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி 'கடகட'வென்று சத்தம் வந்தால் காட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி: என் காரின் கையேடு என்ன சொல்கிறது?

கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். 60,000 கி.மீ. சொல்பவர்களும் உண்டு, 1,50,000 வரை போகிறவர்களும் உண்டு. முக்கியமான விஷயம், பல கையேடுகளில் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் இருக்கும். எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு.

நம் குடியிருப்பில் இதுதான் பெரிய விஷயம். நம்மில் பாதிப் பேருக்குக் கார் என்பது ஜெயங்கொண்டம் கடைத்தெரு, மாதம் ஒருமுறை திருச்சி, பொங்கலுக்கு ஊர். ஒரு கணக்குக்கு, கையேட்டில் 80,000 கி.மீ. அல்லது 6 ஆண்டு என்று இருக்கிறது என்று வையுங்கள். 2015-இல் வாங்கிய கார், ஓடியது 38,000 கி.மீ. உரிமையாளர் என்ன நினைப்பார்? "இன்னும் பாதி கூட ஓடவில்லையே." ஆனால் ஆண்டுக் கணக்கில் அந்த பெல்ட்டின் காலம் முடிந்து பல வருடம் ஆகிறது. ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை, நின்றாலும் கெடும். நம் ஊர் வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்று தனிப் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். தூசி, அதிக வெப்பம், அடிக்கடி குறைந்த தூர ஓட்டம் எல்லாம் அதில் வரும். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓடும் அரியலூர் சாலையில் தினமும் போகிறவர்கள் இதை அலட்சியம் செய்ய முடியாது. பெல்ட் மூடி உடைந்திருந்தாலோ, ஒரு போல்ட் குறைந்திருந்தாலோ தூசி நேராக உள்ளே போகும்.

இன்னோவாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, கிலோமீட்டரை எண்ணி எரிகிறது. ஆண்டுகளை அது எண்ணாது. பெல்ட்டை மாற்றாமலே அதை அணைத்துவிடவும் முடியும்.

மூன்றாவது கேள்வி: கடைசியாக எப்போது மாற்றியது? அதற்கு பில் இருக்கிறதா?

பழைய கார் வாங்கியவர்கள் கவனமாகக் கேளுங்கள். "எல்லாம் மாற்றியாச்சு சார், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பது விற்பவர் சொல். தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியிலிருந்து புதிதாகக் கணக்கு தொடங்கலாம், நிம்மதியும் கூட. இன்னொன்று, 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது நடக்கும் சோதனையில் இந்த மூடியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை.

நான்காவது கேள்வி: உடனே காட்ட வேண்டிய அடையாளம் ஏதாவது இருக்கிறதா?

பெல்ட் பக்கமிருந்து எண்ணெய்க் கசிவு, கூலண்ட் கசிவு, மூடிக்குள்ளிருந்து தேய்வது போலவோ உறுமுவது போலவோ சத்தம். இவற்றில் எது இருந்தாலும் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் அதிக நாள் தாங்காது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கக் கூடாது. அடையாளம் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று அர்த்தமல்ல. இப்போதைய பெல்ட்கள் வெடிப்பு விடாமல், பார்க்கப் புதிது போலவே இருந்து, ஒருநாள் பல் உதிர்ந்து போய்விடும். "கையால் தொட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்பது முடிவாகாது.

60,000 கி.மீ. என்றால் எவ்வளவு என்று யோசியுங்கள். சராசரி 40 கி.மீ. வேகம் என்றால் 1,500 மணி நேரம். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால், கிராங்க் 18 கோடி முறை சுற்றியிருக்கும். அந்தப் பட்டை அத்தனை முறையும் ஒரு பல் தவறாமல் இழுத்திருக்கிறது.

இப்போது மாற்றும் முறை. பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர், ஐட்லர் பேரிங் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். உங்கள் இன்ஜினில் வாட்டர் பம்ப்பை இந்த பெல்ட்தான் ஓட்டுகிறது என்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். காரணம், செலவில் பெரும்பகுதி கழற்றி மாட்டும் கூலி. ஆறு மாதம் கழித்து பம்ப் ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய பழைய பெல்ட்டைத் திரும்ப மாட்டக் கூடாது. கேட்ஸ், கான்டிடெக், டேகோ போன்ற பெல்ட் கம்பெனிகளின் கிட் வெளியிலும் கிடைக்கிறது. போலிகளும் நடமாடுவதால் பில்லோடு வாங்குங்கள். மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த இன்ஜினுக்கான டைமிங் லாக் டூல் இருக்கிறதா? மாட்டிய பிறகு கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறி பொருந்துகிறதா என்று பார்ப்பீர்களா? தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பழைய பெல்ட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

செலவு பற்றித் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறுந்தால் வால்வு, ஹெட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்ந்து பெல்ட் மாற்றும் செலவுக்குப் பல மடங்கு வரும். பழைய காராக இருந்தால் காரின் விலையையே தொட்டுவிடும். இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்டவை.

பணம் போனாலும் பரவாயில்லை, அறுவது எங்கே என்பதுதான் கேள்வி. ராத்திரி நேரத்தில் உடம்பு சரியில்லாதவரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, பின்னால் லோடு லாரி வர, இன்ஜின் சட்டென்று அணைந்துபோனால்? ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் இரண்டு மூன்று மிதிக்கு மேல் கல்லாகிவிடும். அப்படி நடந்தால் பதறாமல் ஹசார்ட் விளக்கைப் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து, இடது ஓரம் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் யாரையும் விடாதீர்கள். வளையாத வால்வும் அதில் வளைந்துவிடும். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவே டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தைப் பாருங்கள். பெல்ட்டா செயினா, எத்தனை கி.மீ., எத்தனை ஆண்டு, கடைசியாக மாற்றிய தேதி. இந்த நான்கையும் ஒரு சிறு அட்டையில் எழுதி பானெட் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கையேடு தொலைந்திருந்தால் வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டால் சொல்வார்கள். மகன் வெளிநாட்டில் இருக்க, காரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் நம்மிடம் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிறு காலை பார்க்கிங்குக்கு வந்தால் நான் கூட இருந்து பார்த்துச் சொல்கிறேன். பானெட்டைத் திறக்கக் கூச்சப்பட வேண்டாம்.