அமுக்குவான் பேயும் அறிவியலும்



விழித்த பின்னும் கைகால் அசையாமல், நெஞ்சின்மேல் எவரோ அமர்ந்து அழுத்துவதாக நம் விடுதிப் பிள்ளைகள் சிலர் அஞ்சுவதை நாம் அறிவோம். ‘அமுக்குவான் பேய்’ என்பர் ஊரார். வேப்பிலையால் அடிப்பதும் உண்டு.

கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் உறக்கநிலையை 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில் தோன்றுபவை. கனவில் ஓடுபவன் எழுந்து ஓடாதவாறு மூளை அப்போது தசைகளைச் செயலறச் செய்கிறது. அக்கட்டு அவிழுமுன் அறிவு விழித்துக்கொள்வதே அமுக்கம். சில நொடிகளிலோ நிமிடங்களிலோ தானே நீங்கும், உயிருக்குத் தீங்கில்லை.

உறக்கத்தில் நடத்தல் வேறு. அது முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில், சிறுவரிடமே மிகுதியாக நேர்வது. வளர வளரப் பெரும்பாலும் மறைவது. அத்தகையோரை அதட்டாது மெல்லப் பாய்க்கு அழைத்து வருவோம்; கதவைத் தாழிடுவோம்.

தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழித்தல் இவ்விரண்டையும் தூண்டும். குறித்த நேரத்தில் உறங்குவோம். மல்லாந்து படுப்பதைத் தவிர்ப்போம். அடிக்கடி நேரின் மருத்துவரை நாடுவோம். பேய்க்கு அஞ்சி விடுதியை விட்டு ஊர் திரும்பும் பிள்ளையின் படிப்பு அத்தோடு நின்றுவிடக்கூடும். அதனைத் தடுப்பது நம் கடமை.